வயல் பிள்ளைகளும் 555 புத்தகமும்

பொன்விழா காணும் இவ்வேளையில் நம் முன்னோர் நடத்திய கடைகளைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அந்தக் கடைகளின் வாசலில் நின்ற ஏழை விவசாயிகளின் பிள்ளைகளையும் நினைப்பது நம் கடமை.

ஜித்ராவைச் சுற்றிலும் நெல் வயல்கள். 1970-க்கு முன் மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம்தான். அறுவடைப் பணம் சில மாதங்களில் தீர்ந்துவிடும். பிறகு அடுத்த அறுவடை வரை கடன். சீனியும் மண்ணெண்ணெயும் வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளே. "அம்மா எழுதிக்கொள்ளச் சொன்னார்" என்று தலைகுனிந்து நிற்பார்கள். அத்தா 555 புத்தகத்தில் எழுதுவார். கல்லாவின் அருகில் நின்ற எங்களுக்கும் அவர்கள் வயதுதான்.

நடவுக் காலத்தில் தாய்மார் சேற்றில் இறங்க, மூத்த பெண் பிள்ளைகள் வரப்பில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வார்கள். பையன்கள் நாற்றுக்கட்டு சுமப்பார்கள். கதிர் முற்றினால் குருவி விரட்டுவார்கள். மாலையில் வாய்க்காலில் பிடிக்கும் விராலும் கெளுத்தியும்தான் இரவுச் சோற்றுக்குக் கறி. எங்களோடு ஓத வந்தவர்களில் பலர் இந்த மாதங்களில் வரமாட்டார்கள். அறுவடையில் கதிரை மரத்தொட்டியில் அடித்து முடித்ததும், ஏழை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வைக்கோலை மறுபடி அடித்து மிச்ச நெல்லைச் சேர்ப்பார்கள். சில வீடுகளுக்கு அதுவே பல வார உணவு.

1966-இல் தொடங்கிய மூடா நீர்ப்பாசனத் திட்டம், மூடா, பெடு அணைகளின் நீரைச் சுமார் 96,000 ஹெக்டேர் வயலுக்குக் கொண்டுவந்தது. 1970 முதல் இரண்டு போகம் விளைந்தது, பசி குறைந்தது. கடைக்கடனும் சீக்கிரம் அடைந்தது. ஆனால் 1975-இல் கையால் நடந்த அறுவடையில், 1980-க்குள் ஐந்தில் நான்கு பங்கை இயந்திரம் எடுத்துக்கொண்டது. இயந்திரம் வைக்கோலில் நெல்லை விட்டுவைக்கவில்லை. நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகளின் அந்த மிச்ச நெல்லும் போயிற்று. பூச்சிமருந்தால் வயல் மீனும் குறைந்தது.

அந்தக் கடனைச் சில பெரியவர்கள் அடித்துவிட்டார்கள். சிலர் கணக்கை நிறுத்திவிட்டார்கள். இரண்டும் நடந்தன. எங்களைப் படிக்க வைத்தது அந்தக் கடைகளின் வருமானம்தான். அதில் அந்த வீடுகளின் உழைப்பும் கலந்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய 555 புத்தகம் இருந்தால் வீசிவிடாதீர்கள். அது நம் கணக்கு மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகளின் வரலாறும்கூட. கல்வி உதவி கேட்டு இன்று ஒரு பிள்ளை வந்து நின்றால், அன்று கடை வாசலில் தலைகுனிந்து நின்ற முகத்தை நினைத்துக்கொள்வோம்.