வலி போன பிறகு வெடிக்கும் மண்ணீரல்

"பைக்ல இருந்து விழுந்தேன் சார், ஹேண்டில்பார் இடது விலாவுல குத்துச்சு. ரெண்டு நாள்ல வலி போயிடுச்சு, வேலைக்குக்கூடப் போனேன்." ஒரு வாரம் கழிச்சு ஸ்ட்ரெச்சர்ல படுத்து இதைச் சொன்னவரோட பிபி 80. வயிறு முழுக்க ரத்தம்.

இது பழைய ஏமாத்து வேலை. த்ரெட்.

அடிபட்டு 48 மணி நேரமாவது நல்லா இருந்துட்டு, அப்புறம் மண்ணீரல் வெடிக்கிறதை 1907ல் பொடே என்ற பிரெஞ்சு சர்ஜன் விவரித்தார். அந்த இடைவெளிக்கு இன்னிக்கும் அவர் பேர்தான். மண்ணீரலைச் சுத்தியிருக்கிற மெல்லிய உறை, உள்ளே கசியும் ரத்தத்தைச் சில நாள் அடக்கி வெச்சிருக்கும். இறுக்கம் ஏறினா கிழியும்.

அன்றைய டாக்டர்கள் கையில் என்ன இருந்துச்சு? விரல், இடது தோள் நுனியில் வலி இருக்கான்னு ஒரு கேள்வி, எக்ஸ்ரேல உடைஞ்ச விலா. 1965ல் அமெரிக்காவில் ரூட் குழுவினர், வயித்துக்குள்ள குழாய் விட்டு சலைன் ஊத்தி, திரும்ப எடுத்து ரத்தம் வருதான்னு பார்த்தாங்க. பெரிய முன்னேற்றம்தான். ஆனா உறைக்குள்ள அடைஞ்சு கிடக்கிற ரத்தம் அதுல எப்படித் தெரியும்?

1971ல் டென்மார்க் டாக்டர்கள் அல்ட்ராசவுண்ட் வெச்சு மண்ணீரல் ரத்தக்கட்டைப் பார்த்தாங்க. அதே ஆண்டு அக்டோபர் 1, லண்டனில் முதல் நோயாளிக்கு சிடி ஸ்கேன். அது தலைக்கு மட்டும். வயித்துக்கு வர இன்னும் சில வருஷம் ஆச்சு.

வந்த பிறகுதான் குட்டு உடைஞ்சது. "தாமதமா வெடிச்சது"ன்னு நினைச்ச பல மண்ணீரல்கள் முதல் நாளே கிழிஞ்சவை. நாமதான் பார்க்கலை. (எல்லாமே அப்படி இல்ல. முதல் சிடி நார்மலா இருந்து பின்னாடி வெடிச்ச கேஸும் பதிவாகியிருக்கு.)

இதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. முன்னாடி மண்ணீரல்ல அடின்னாலே எடுத்துடுவாங்க. 1952ல் கிங், ஷூமேக்கர் ரெண்டு பேரும், மண்ணீரல் எடுத்த குழந்தைகளுக்குக் கடுமையான கிருமித்தொற்று வந்ததை எழுதினாங்க. 1968ல் உபாத்யாயா, சிம்ப்சன் இருவரும் டொரன்டோ அனுபவத்தை வெச்சு, குழந்தைகளுக்கு ஆபரேஷன் இல்லாமலே மண்ணீரல் ஆறும்னு சொன்னாங்க. உபாத்யாயா நம்ம டெல்லி எய்ம்ஸ்காரர். நான் படிச்ச புத்தகத்துல அவர் பேர் கண்ணுல படலைங்கிறது எனக்கு வருத்தம்தான்.

எடுக்காம விட்டா காவல் காக்கணும். அதனாலதான் பெரிய காயத்துக்குப் பல இடங்கள்ல 48-72 மணி நேரத்துல மறுபடி கான்ட்ராஸ்ட் சிடி எடுக்கிறாங்க. முதல் ஸ்கேன்ல இல்லாத ரத்தக்குழாய் வீக்கம் அதுல தெரியலாம்.

எங்க பைக்காரர் விழுந்த அன்னிக்கு எக்ஸ்ரே, ஒரு ஊசி, அவ்வளவுதான் நடந்திருக்கு. ஸ்கேன் இல்ல. மண்ணீரலைக் காப்பாத்த முடியலை. ஆள் நல்லா இருக்கார், தடுப்பூசி அட்டையோட போன வாரம் ரிவியூவுக்கு வந்தார்.