பலர் கூடி எழுதும் ஏடு

கிள்ளானுக்கு வடக்கே இரப்பர்த் தோட்டங்களோடு வளர்ந்த ஊர் காப்பார். அவ்வூரை உள்ளடக்கிய கிள்ளான் மாவட்டத்துத் தோட்டங்களில் 1941ஆம் ஆண்டு தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது. கூலி உயர்வு மட்டுமன்று. துரையைக் கண்டால் மிதிவண்டியைவிட்டு இறங்கவேண்டும் என்னும் இழிவு ஒழிதலும் அவர்தம் கோரிக்கை. மே திங்களில் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், படை வந்தது, போராட்டம் ஒடுங்கியது. ஆயினும் அவ்வரலாற்றுக்குப் பெருஞ்சான்றாய் நிற்பவை ஆட்சியாளர் எழுதிவைத்த குறிப்புகளே. லயங்களில் வாழ்ந்தோர் கண்டவற்றை யார் எழுதுவது?

பலர் கூடி நூல் சமைத்தல் தமிழுக்குப் புதிதன்று. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. அறிஞர் பலர் எழுதினர். எனினும் அச்சேறிய பிழை அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அத்தடையை நீக்கியது விக்கி. 1995இல் அமெரிக்கரான வார்டு கன்னிங்காம் அதனைத் தோற்றுவித்தார். 'விரைவு' எனப் பொருள்படும் அவாயி மொழிச் சொல் அது. 1999இல் சியாட்டல் நகரில் உலக வணிக அமைப்பின் மாநாட்டை எதிர்த்த மக்களிடையே பிறந்த இண்டிமீடியா என்னும் செய்தி இயக்கம், பின்னர்ப் பல நாடுகளில் பரவிய தன் குழுக்களின் பணிக்கு விக்கிப் பக்கங்களைப் பயன்படுத்தியது. 2001இல் விக்கிப்பீடியாவும், 2003இல் அதன் தமிழ்ப் பதிப்பும் தோன்றின. அங்கே யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பது அழியாமல் நிற்கும். கருத்து வேற்றுமை உரையாடற் பக்கத்தில் ஆராயப்படும்.

2001ஆம் ஆண்டிலேயே தமிழ் இணைய மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திய நாடு மலேசியா. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. எழுதப்படாத நினைவோ முதியவரோடு மறைகின்றது.

விக்கி மட்டும் இக்குறையைத் தீர்த்துவிடாது. வெளியான சான்றின்றி வாய்மொழியை விக்கிப்பீடியா ஏற்பதில்லை. ஆதலின் முதற்பணி, முதியோர் சொல்வதைப் பதிந்து நூலாகவும் ஒலிப்பேழையாகவும் வெளியிடுதலே. கேட்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், ஆவணத்தோடு ஒப்பிடுபவர் ஒருவர் எனப் பணியைப் பகிர்ந்து, அதன் நிலையை அன்றாடம் குறித்துவைக்கக் குழுவினர் தமக்கெனவே ஒரு விக்கி அமைத்துக்கொள்ளலாம். ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவகையாய்ச் சொன்னால், இரண்டையும் அருகருகே வைத்தலே நேர்மை.

மிதிவண்டியைவிட்டு இறங்க மறுத்தவர்களின் வரலாற்றை அவர்தம் வழித்தோன்றல்களே எழுதும் கருவி இன்று கைக்கெட்டியுள்ளது. சொல்லவல்லார் இருக்கும்போதே கேட்பதுதான் இனி எஞ்சிய கடமை.