இளஞ்சிவப்பு ரோபோ யாரின்ட?

ஸ்டார் வோர்ஸ் எண்டதும் ஜோர்ஜ் லூகாஸின் பெயர்தான் ஞாபகம் வரும். ஆனா அந்த உலகத்துக்குள் ரசிகர்கள் செய்து அனுப்பின பாத்திரமும் ஒண்டு இருக்கு. அதின்ட பெயர் ஆர்2-கேரீ.

1997இல் அமெரிக்காவில், படங்களில் வரும் வெள்ளைக் கவசப் படையினரின் உடையைத் தாங்களே செய்து போடும் ரசிகர்கள் '501ஆவது லீஜன்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவரின் மகளுக்கு 2004இல் மூளையில் கட்டி எண்டு தெரிய வந்தது. 2002இல் வெளிவந்த படத்தில் பத்மே நித்திரை கொள்ளும்போது ஆர்2-டீ2 காவல் நிற்கும். தனக்கும் அப்பிடி ஒரு காவல் வேணும் எண்டு பிள்ளை கேட்டாள்.

ரோபோ செய்யும் ரசிகர்கள் வேலையில் இறங்கினார்கள். நிறம் இளஞ்சிவப்பு, பெயரின் கடைசி எழுத்துகள் அவளின் பெயரின் ஓசை. ஆனா முழுதாகச் செய்து முடிக்கக் காலம் போதவில்லை. வேறொரு ரோபோவுக்கு இளஞ்சிவப்புப் பாகங்களைப் பூட்டி, 2005 ஜூலையில் அவளிட்ட கொண்டுபோனார்கள். ஓகஸ்ட்டில் அவள் இறந்தாள். வயது ஏழு.

அதோட விட்டிருக்கலாம். விடேல்ல. 2006இல் உண்மையான ஆர்2-கேரீயைச் செய்து முடித்து, வருத்தக்காரப் பிள்ளைகளைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். 2015இல் 'த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்திலும் அது வந்தது, கண் இமைச்சால் தவறிப்போகும் அளவுக்கு.

சட்டப்படி ஸ்டார் வோர்ஸ் பாத்திரங்கள் கொம்பனிக்குச் சொந்தம். சினிமா வரலாற்றையும் நாங்கள் இயக்குநர், கொம்பனி, வசூல் எண்டே எழுதிப் பழகிட்டம். அந்தக் கணக்கில் இந்த ரோபோ ஒரு அடிக்குறிப்பு. ஆனா அது ஏன் பிறந்தது எண்டு கேட்டால், பதில் ஒரு பிள்ளையின்ட கட்டிலடியிலதான் இருக்கு.