கண்ணேணியிலிருந்து துண்டு ஏணி வரை

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே சுவர் போல நிற்கும் ஏலமலையில் மிளகு பறிக்கும் ஏணிக்குக் கால் ஒன்றுதான். நீண்ட ஒற்றை மூங்கிலின் கணுக்களில் கிளம்பிய பக்கக் கிளைகளை ஒட்ட வெட்டாமல், பாதம் பதியும் அளவுக்கு விட்டு நறுக்கினால் அந்தக் கட்டைகளே படிகள். கிளை விழுந்துபோன கணுவில் துளையிட்டு முளை செருகிக்கொள்வார்கள். சமவெளியில் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் ஜன்னலுக்கு மேலே ஒட்டடை எடுக்கவும் சாத்தும் இரட்டைக்கால் ஏணியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பாதி ஏணியாகத்தான் தெரியும். இதன் வரலாறோ நெடியது.

இதன் பழைய பெயர் மால்பு. மலைபடுகடாம், புறநானூறு, குறுந்தொகை மூன்றிலும் இந்தச் சொல் வருகிறது. மூன்று இடத்திலும் மலைச்சரிவும் தேனும் அருகிலேயே இருக்கின்றன. மால்பு என்பதற்குக் கண்ணேணி என்று பொருள் சொல்வார்கள். கண் என்றால் இங்கே கணு. கணுவையே படியாகக் கொண்ட ஏணி என்று பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. சங்ககாலத்துக் குறவர் பாறையில் சாத்திய கருவியும் இன்று மிளகுக்கொடிக்குச் சாத்தும் கருவியும் அமைப்பில் ஒன்றுக்கொன்று அதிகம் விலகவில்லை.

தேனி மாவட்டத்து மலைகளில் தேன் எடுப்பு பளியர்களின் தொழில். வருசநாடு, மேகமலை, கம்பம், போடி மலைகளில் வாழும் இந்தப் பழங்குடியினர் பாறை இடுக்கிலும் உயர்ந்த மரக்கிளையிலும் அடை கட்டும் பெருந்தேனீயின் தேனைத் தேடிப் போவார்கள். இத்தகைய தேனெடுப்பில் ஒரு மூங்கிலின் நீளம் பல இடங்களில் போதாது. அங்கேதான் ஏணிமேல் ஏணி என்ற யோசனை பிறக்கிறது. வடக்கே ஆனைமலையில் வாழும் காடர்கள் இதைச் செய்யும் விதம் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. மரத்தில் மூங்கில் முளைகளை அடித்துக்கொண்டே மேலே போவார்கள். முளைகளோடு ஒரு மூங்கிலைச் செங்குத்தாக வைத்துக் கட்டுவார்கள். அது முடியும் இடத்தில் அடுத்த மூங்கிலை ஒட்டுப்போட்டு மேலும் ஏறுவார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய நூல் தொகுதியில் காடர்களின் மரமேறும் முறையைச் சொல்லி, போர்னியோ தீவின் தயாக் மக்களோடு அதை ஒப்பிடுகிறார். ஆல்ஃபிரட் வாலஸ் 1869-இல் எழுதிய மலாய்த் தீவுக்கூட்டப் பயண நூலில் தயாக்குகள் தேன் மரத்தில் ஏறும் காட்சி இருக்கிறது. இந்த ஒற்றுமையை வைத்து இனங்களின் தோற்றத்தையே ஆராயப் புகுந்தவர்கள் உண்டு. உயரமான மரமும் கையருகே மூங்கிலும் இருந்தால் இரண்டு ஊர்க்காரர்கள் தனித்தனியே இதே முடிவுக்கு வந்திருக்கலாம் என்பது எளிய விளக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கின் பெரும் மாற்றம் 1895-இல் வந்தது. பொறியாளர் பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தண்ணீர் கிழக்கே திரும்பியது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்கள் இருபோகம் கண்டன. மலைக்கு மேலே திருவிதாங்கூர் எல்லையில் ஏலத்தோட்டங்கள் விரிந்தன. ஏலக்காய்ச் சந்தையாகப் போடிநாயக்கனூர் வளர்ந்தது. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தோட்டங்கள் இருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. தோட்டம் ஒரு மாநிலத்திலும் தொழிலாளியின் வீடு இன்னொரு மாநிலத்திலும் என்பது உறுதியாயிற்று. அதனால் போக்குவரத்து நின்றுவிடவில்லை. விடியும் முன்பே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பாதைகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இன்றும் மலையேறுகின்றன.

தோட்டத்தில் ஏணி யார் கைக்குப் போகிறது என்பதைச் செடியே தீர்மானித்தது. ஏலக்காய் தூரடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். குனிந்தும் உட்கார்ந்தும் எடுக்கும் அந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. மேலே ஏறும் வேலைகள் இரண்டு, இரண்டும் ஆண்களுக்கு. ஒன்று, பருவமழைக்கு முன் நிழல்மரங்களின் கிளையைக் கழித்து வெளிச்சம் விடும் கவாத்து. மற்றது, ஏலக்காய் எடுப்பு ஓயும் சமயத்தில், டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை நடக்கும் மிளகுப் பறிப்பு.

மிளகுக்கொடி முள்முருங்கையிலும் சில்வர் ஓக் மரத்திலும் படர்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நிழலாக வந்த சில்வர் ஓக் நேராக, கிளை குறைவாக வளரும். கொடி அதைப் பிடித்து 30 அடியைத் தாண்டிப் போய்விடும். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் முழுச் சரத்தையும் கிள்ளி இடுப்பில் கட்டிய சாக்கில் போடவேண்டும். இரட்டைக்கால் ஏணி இங்கே உதவாததற்குக் காரணம் நிலம். சரிவில் ஒரு கால் பதிந்தால் இன்னொரு கால் அந்தரத்தில் நிற்கும். அகலமான ஏணி கொடியை நசுக்கும். மிளகுக்கொடியோ எளிதில் ஒடியக்கூடியது. ஒற்றை மூங்கில் இரண்டு கொடிகளுக்கு இடையில் நுழையும், முனை மண்ணில் ஊன்றும். அதன் குறை உருள்வது. மேல் முனையைக் கயிற்றால் மரத்தோடு கட்டாமல் ஏறினால் மூங்கில் திரும்பிக்கொள்ளும். முதலில் ஏறுகிறவர் அந்தக் கயிற்றைக் கட்டும்வரை கீழே ஒருவர் அடியைப் பிடித்து நிற்பார்.

நல்ல மூங்கில் கிடைப்பது மெல்ல மெல்ல அரிதானது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் மலைக்காடுகள் காப்புக்காடுகளாயின. நினைத்தபோது வெட்டிவர முடியாது. தாவரவியலில் மூங்கில் புல். 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்திலோ அது மரம். 2017-இல் வந்த திருத்தம்தான் காட்டுக்கு வெளியே வளர்ந்த மூங்கிலை அந்த வரையறையிலிருந்து விடுவித்தது. புல் மறுபடி புல்லாக 90 ஆண்டுகள் ஆயின. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேனையும் மூங்கிலையும் சிறு வனப்பொருள்களாகச் சேர்த்துப் பழங்குடிகளுக்கு உரிமை தந்தது. 2021-இல் மேகமலைக் காடுகள் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தன.

மூங்கிலின் இடத்துக்கு அலுமினியம் வந்தது. தோட்டப்பகுதிக் கடைகளில் இப்போது விற்கும் மிளகு ஏணியும் ஒற்றைக்கால்தான்: நடுவே ஒரு குழாய், இரு பக்கமும் நீட்டிய படிகள். இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரியும். ஒன்றின் தலையில் அடுத்ததன் அடியைச் செருகினால் உயரம் கூடும். காடர்கள் கயிற்றால் போட்ட ஒட்டு இங்கே குழாய்ச் செருகலாகிவிட்டது. துண்டாக்கும் தேவைக்கு உயரம் மட்டும் காரணமில்லை. 30 அடி மூங்கிலை ஜீப்பில் வைத்துப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க முடியாது. அது தோட்டத்துக் கொட்டகையிலேயே கிடக்கவேண்டிய பொருள். துண்டு ஏணி ஆளோடு பயணம் போகும்.

பிரிட்டனில் ஜன்னல் துடைப்பவர்கள் அடுக்கு ஏணிக்குப் போனதும் இதே கணக்கில்தான். தெருத் தெருவாக வீடு மாறும் தொழில் அது. ஒட்டு வீடுகளின் குறுகிய சந்துக்குள் நீண்ட ஏணி திரும்பாது. அவர்களுடைய ஏணி கம்பம் மலையின் ஏணியைத் தலைகீழாகத் திருப்பியது போல இருக்கும்: அடித்துண்டு அகலம், மேலே போகப்போகக் குறுகி, உச்சி கூர்மை. நடைபாதை சமதளம் என்பதால் அகன்ற கால் நிற்கும். கண்ணாடியில் படாமல் சட்டத்தின் நடுவில் சாய உச்சி ஒடுங்கவேண்டும். உயரத்தில் செய்யும் வேலைக்கான விதிகள் 2005-இல் அங்கே கடுமையாயின. தரையில் நின்றபடியே தண்ணீர் பாய்ச்சித் துடைக்கும் நீண்ட கழிகள் ஏணியின் வேலையைப் பெருமளவு எடுத்துக்கொண்டன.

தேனியின் சமவெளியில் ஏணி மலையில் நிலைத்த அளவுக்கு நிலைக்கவில்லை. தென்னைக்குத் தளைக்கயிறு போதும். திராட்சைப் பந்தல் கைக்கெட்டும் உயரம். பொங்கலுக்கு முந்தைய வெள்ளையடிப்பில் ஏணி எட்டாத இடத்துக்கு மட்டை கட்டிய நீளக் கழி போகும். கோபுரம் போன்ற உயரங்களுக்குச் சவுக்குக் கழியில் சாரம் கட்டுவார்கள். கண்ணாடி முகப்பு வைத்த கடைகளும் மருத்துவமனைகளும் பெருகிய பிறகே துடைப்பதற்கென்று அலுமினிய ஏணி வாங்கும் பழக்கம் நகரத்துக்கு வந்தது.

மலையில் அலுமினியத்துக்கு ஒரு பகை உண்டு. தோட்டங்களுக்கு ஊடாக மின்கம்பிகள் போகின்றன. செருகி உயர்த்திய ஏணியை மரத்துக்கு மரம் நிமிர்த்தியபடியே நகர்த்தும்போது உச்சி கம்பியில் பட்டால் பிடித்திருப்பவர் தப்புவது அரிது. உலோக ஏணியால் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. காய்ந்த மூங்கிலில் இந்த ஆபத்து குறைவு, பனியில் நனைந்த மூங்கிலை அப்படி நம்ப முடியாது. கம்பியை ஒட்டிய வரிசைகளில் கொடியை உயரவிடாமல் வெட்டிவிடுவதும், பறிக்கும் நாளில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்வதும், ஏணியைப் படுக்கவைத்துத் தூக்கிப்போய் அடுத்த மரத்தடியில் மறுபடி நிறுத்துவதும்தான் இதற்கான வழிகள்.