ஃப்ரிட்ஜுக்கு எதுக்கு டாக்டர் கேமரா?

போன ஞாயிறு ஒரு கல்யாணப் பந்தி. சாம்பார் ஊத்துற நேரத்துல போன் அடிச்சுது. எடுத்துப் பார்த்தா திரையில என் கிளினிக் ஃப்ரிட்ஜ். பக்கத்து இலைக்காரர் எட்டிப் பார்த்துட்டு, "ஃப்ரிட்ஜுக்கு எதுக்கு டாக்டர் கேமரா?"ன்னு கேட்டார். அவருக்குப் பந்தியில சொல்ல முடியாததை இங்க சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

வீட்டுக் கேமராவோட முன்னோடி யாருன்னு பார்த்தா, நம்ம துறைக்காரர்தான். நியூயார்க் குயின்ஸ் பகுதியில் வசித்த நர்ஸ், மேரி வான் பிரிட்டன் பிரவுன். தம்பதி ரெண்டு பேருக்கும் வேலை நேரம் ஒத்துவராது. தனியா இருக்கும்போது கதவைத் தட்டினா பயம். கணவர் ஆல்பர்ட்டுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியும். 1966-ல் விண்ணப்பிச்சு, 1969 டிசம்பரில் காப்புரிமை வாங்கினாங்க. கதவில் 4 துளை, பின்னால மேலும் கீழும் நகரும் கேமரா, உள்ளே டிவி திரை, வெளியே நிற்கிறவரோட பேச மைக். ஆபத்துன்னா ஒரு பட்டன். அமுக்கினா ரேடியோ வழியா உதவிக்குத் தகவல் போகும். இந்தப் பட்டனை ஞாபகம் வெச்சுக்கங்க.

அது ஆளைப் பார்க்கிற கேமரா. பொருளைக் கண்காணிச்ச புகழ்பெற்ற கேமரா 1991-ல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் துறையில வந்துச்சு. அவங்க பிரச்சினை காபி! வேற மாடியில இருந்து இறங்கி வந்தா காபி மேக்கர் காலியா இருக்கும். க்வென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி ரெண்டு பேரும் அதுக்கு எதிரே ஒரு கேமராவை வெச்சாங்க. 128×128 புள்ளி, கறுப்பு வெள்ளை, நிமிஷத்துக்கு 3 படம். காபி இருக்கா இல்லையான்னு தெரிய அது போதுமே. 1993-ல் இணையத்துல ஏத்தினதும் உலகமே வேடிக்கை பார்த்துச்சு. 2001 ஆகஸ்ட் 22-ல் நிறுத்தினப்போ அந்தக் காபி மேக்கர் 3,350 பவுண்டுக்கு ஏலம் போச்சு.

இதுக்கும் முன்னாடியே அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்காரங்க கோக் மெஷினைக் கம்ப்யூட்டரோட இணைச்சிருந்தாங்க. கேமரா கிடையாது. எந்த வரிசை காலி, பாட்டில் உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கணக்கு வெச்சு, குளிர்ந்தாச்சான்னு அதுவே சொல்லும். எனக்கென்னவோ இதுதான் பெரிய விஷயமா படுது. ஏன்னா கேமராவை நாம போய்ப் பார்க்கணும்.

பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும். வாசலுக்கு வாங்கின வைஃபை கேமராவைத் தெர்மாமீட்டருக்கு நேரா மாட்டியிருந்தேன். ஒரு மழை ராத்திரி 11 மணிக்குப் பார்த்தேன், 5 டிகிரி. நிம்மதியா தூங்கிட்டேன். அது கரண்ட் போறதுக்கு முன்னாடி பதிவான கடைசிப் படம். ரவுட்டரும் சேர்ந்து அணைஞ்சிருக்கு. காலையில 14 டிகிரி. மருந்தைத் தூக்கிப் போட்டுட்டு, ஊசிக்கு வந்த கைக்குழந்தைகளைத் திருப்பி அனுப்பினோம்.

இன்னொண்ணு. பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி எல்லாம் ஒருமுறை உறைஞ்சாலே வீண். அப்புறம் உருகி, தெர்மாமீட்டர் 4 காட்டும். படத்துல எல்லாம் சுகமாத்தான் தெரியும்!

அரசு இதை முன்னாடியே புரிஞ்சுக்கிச்சு. 2015 வாக்கில் தொடங்கின 'இ-வின்' திட்டத்துல, அரசுத் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளோட சிம் போட்ட சென்சாரை இணைச்சாங்க. அது வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு பண்ணும். அளவு தாண்டினா பொறுப்பாளருக்கு எஸ்எம்எஸ் போகும். மேரி பிரவுனோட அந்தப் பட்டன்தான். இங்க அமுக்குறது ஃப்ரிட்ஜே.

இப்ப நானும் பேட்டரியும் சிம்மும் உள்ள சென்சார் ஒண்ணு மாட்டியிருக்கேன். பந்தியில கூப்பிட்டது அதுதான்: 8.4. கேமராவுல பார்த்தா கதவு லேசா திறந்திருக்கு. சிஸ்டருக்குப் போன் போட்டு, சாத்தச் சொல்லிட்டுத் திரும்பினேன். பாயசம் என் இலையைத் தாண்டிப் போயிருந்துச்சு.