மணல் காத்த மாநகரம்

கி.மு. 146இல் உரோமானியர் கார்த்தேஜ் நகரைத் தீக்கிரையாக்கிய வரலாற்றைச் சென்ற இதழில் கண்டோம். அழிப்பதில் அத்துணைக் குரூரம் காட்டிய அந்த ஜாதியாரே, சுமார் இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின், அதே வட ஆப்பிரிக்கப் பிரதேசத்தில் எத்தகைய நகரங்களைச் சிருஷ்டித்தார்கள் என்பதற்கு, அல்ஜீரியாவின் ஆரேஸ் மலைச்சாரலில் உள்ள டிம்காட்டின் இடிபாடுகள் இன்றும் சாட்சியம் கூறுகின்றன.

தமுகாதி என்று அக்காலத்தில் வழங்கிய இந்நகரம், கி.பி. 100இல் டிராஜன் சக்கரவர்த்தியின் ஆணைப்படி, சேவையிலிருந்து ஓய்வு பெற்ற போர்வீரர் குடியிருப்பதற்காக, மூன்றாம் அகஸ்டா சேனையினரால் நிர்மாணிக்கப்பட்டது. பாசறை வகுத்தே பழகிய அவர்கள், சதுரமாக எல்லை கட்டி, நேர்கோட்டு வீதிகள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்லும்படி நகரை அமைத்தனர். ஆயினும் ஜனங்கள் பெருகப் பெருக அந்தச் சதுரம் போதாமற் போகவே, ஜூபிடரின் பெருங்கோயிலும், நீராடு மண்டபங்கள் பலவும், புதிய குடியிருப்புகளும் எல்லைக்கு அப்பால் எழுந்தன. கல் பாவிய ராஜவீதியில் வண்டிச் சக்கரங்கள் பதித்த தடங்களும், ஏறக்குறைய 3,500 பேர் அமரத்தக்க நாடக அரங்கும், மூன்று வாயில்களோடு கம்பீரமாய் நிற்கும் தோரண வளைவும் அந்தச் செழுமையை இன்னும் உணர்த்துகின்றன.

இவை அனைத்தினும் என் உள்ளத்தை ஈர்ப்பது அங்குள்ள நூலகமேயாகும். அரைவட்ட மண்டபமும், சுவரிலே ஏட்டுச் சுருள்களை வைப்பதற்கான மாடங்களும் கொண்ட அக்கட்டடம், ரொகேஷியானஸ் என்னும் பிரபு தம் ஜன்மபூமிக்கு மரண சாசனத்தின் மூலம் அளித்த 4,00,000 செஸ்டர்ஸ் பொருளால் எழுந்தது என்று அங்கே கிடைத்த கல்வெட்டு தெரிவிக்கிறது. வாளேந்தியவர்களுக்காக வகுத்த ஊரிலே, வித்தைக்கென்று ஒரு குடிமகன் தன் செல்வத்தை ஈந்தான் என்பதே அந்நாகரிகம் அடைந்த முதிர்ச்சிக்குத் தக்க அளவுகோலாகும்.

ஐந்தாம் நூற்றாண்டில் வாண்டலர் ஆதிக்கத்துக்கு உட்பட்டு, பின்னர் மலைவாசிகளால் பாழாக்கப்பட்ட இந்நகருக்கு அருகே, 539இல் பைஸாந்தியச் சேனாதிபதி சாலமன் ஒரு கோட்டை எழுப்பினான். அதுவும் காலப்போக்கில் கைவிடப்பட்டது. 1765இல் ஸ்காட்லாந்து யாத்திரிகர் ஜேம்ஸ் புரூஸ் இவ்விடத்தைக் கண்டார். 1881இல் பிரெஞ்சுக்காரர் அகழ்வைத் தொடங்கினர். 1982இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மேலே வேறோர் ஊர் எழாமல் மணல் மூடிக் கிடந்தமையாலேதான், உரோமானியர் வகுத்த நகர அமைப்பைச் சிதையாத வடிவில் நாம் இங்கே காண முடிகிறது.

சிரியப் பாலைவனத்தில், ஓர் அரசியின் துணிவால் உரோமாபுரியையே எதிர்த்து நின்ற பல்மைராவை அடுத்த இதழில் காண்போம்.