விளக்கு வெளிச்சத்தில் ப்ரைமா, ஜூமா? - ஒரு பழைய சண்டையின் கதை

போன கார்த்திகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்தி சாயும் நேரம். அப்பத்தா முற்றத்தில் குனிந்து அகல்விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தார். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து நாற்பது படங்களுக்கு மேல் எடுத்தேன். கேமரா வாங்கும்போது கூடவே வந்த 18-55 ஜூம் லென்ஸ்தான் மாட்டியிருந்தது. ராத்திரி கணினியில் போட்டுப் பார்த்தால் விளக்குகள் எல்லாம் கோடு கோடாக இழுத்திருந்தன. அப்பத்தாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஏதோ ஒரு தீற்றல். "என்னய்யா, நல்லா விழுந்திருக்கா?" என்று கேட்டார். "சூப்பரா இருக்கு அப்பத்தா" என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு அவருக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. இந்த வருடம் அவர் குனிந்து விளக்கேற்றுவார் என்று யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை.

விடுதியில் இதைச் சொன்னதும் இரண்டு கட்சி உருவானது. "ஒரு ப்ரைம் லென்ஸ் வாங்குடா, எல்லாம் சரியாப் போயிடும்" என்று பாதிப் பேர். "இந்தக் காலத்துல ஐ.எஸ்.ஓ.வை ஏத்தினாப் போதும், ஜூமே இருக்கட்டும்" என்று மீதிப் பேர். நான் படிப்பது வரலாறு. ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் நூலகத்துக்குப் போனேன் :-) அங்கே தெரிந்துகொண்டது என்னவென்றால், இந்தச் சண்டைக்கு வயது நூறுக்குப் பக்கம். இருட்டில் படம் எடுக்கும் ஆசைக்கோ அதைவிட அதிக வயது.

முதலில் கொஞ்சம் கணக்கு. ப்ரைம் என்றால் குவியத்தூரம் மாறாத லென்ஸ். 50 எம்.எம். என்றால் 50 மட்டும்தான். பெரிதாகத் தெரிய வேண்டுமா, நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும். ஜூமில் அந்த நடையை லென்ஸ் நடக்கிறது. எஃப் எண் என்பது குவியத்தூரத்தை லென்ஸின் வாய் அகலத்தால் வகுத்தால் வருவது. எண் சிறிதானால் வாய் பெரிது. 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸின் வாய் சுமார் 28 மில்லிமீட்டர். உள்ளே வரும் வெளிச்சம் இந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. என் ஜூமை 55க்கு நீட்டினால் எஃப்/5.6 தான் கிடைக்கும். 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள், கிட்டத்தட்ட பத்து வரும். அதாவது என் ஜூம் கால் விநாடி திறந்திருக்க வேண்டிய இடத்தில் ப்ரைமுக்கு நாற்பதில் ஒரு பங்கு விநாடி போதும். கால் விநாடிக்குள் அப்பத்தாவின் கை ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்குப் போகத் தொடங்கிவிடுகிறது.

இப்போது கதைக்கு வருவோம். 1839ல் டகேரின் புகைப்பட முறை பாரிஸில் வெளியானபோது அதற்குக் கிடைத்த லென்ஸ் சுமார் எஃப்/15. நல்ல வெயிலிலேயே நிமிடக் கணக்கில் திறந்து வைக்க வேண்டும். மனிதன் அவ்வளவு நேரம் ஆடாமல் இருப்பானா? வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசஃப் பெட்ஸ்வால் இதைக் கணக்குப் போட்டுத் தீர்க்க முடியும் என்று உட்கார்ந்தார். அதுவரை லென்ஸ் செய்கிறவர்கள் தேய்த்துப் பார்த்து, மாற்றிப் பார்த்து, அனுபவத்தில்தான் செய்தார்கள். பெட்ஸ்வாலின் கணக்கு நீளமானது. அதைப் போட்டுக் கொடுக்க ஆஸ்திரிய இளவரசர் ஒருவர் தன் பீரங்கிப் படையில் கணக்குத் தெரிந்த ஆட்களை அனுப்பி வைத்தாராம். (பீரங்கிக்காரர்கள் செய்த உருப்படியான வேலைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.) 1840ல் எஃப்/3.6 லென்ஸ் வந்தது. பழையதைவிட சுமார் 17 மடங்கு வெளிச்சம். அதைச் செய்து விற்ற நிறுவனம் ஃபோக்ட்லாண்டர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். பணம் விஷயத்தில் பெட்ஸ்வாலுக்கும் அவர்களுக்கும் பெரிய தகராறு ஆனது தனிக் கதை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1924ல் தொடங்குகிறது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து எர்னெமான் நிறுவனத்தில் லுட்விக் பெர்ட்டலே என்ற இளைஞர், வயது இருபதுகளின் தொடக்கம், எர்னோஸ்டார் என்ற லென்ஸை வடிவமைத்தார். எஃப்/2. சீக்கிரமே அது எஃப்/1.8 ஆனது. அதை மாட்டிய சிறிய கேமராவுக்கு எர்மனாக்ஸ் என்று பெயர். அன்றைக்கு உள்ளே படம் எடுக்க வேண்டுமென்றால் மக்னீசியத் தூளைப் பற்றவைக்க வேண்டும். 'டப்' என்று வெடித்து அறை முழுக்கப் புகை வரும். எல்லோருக்கும் படம் எடுப்பது தெரிந்துவிடும், எல்லோரும் விறைத்து நிற்பார்கள். எர்மனாக்ஸுக்கு அது வேண்டாம்.

எரிக் சாலமன் என்ற பெர்லின்காரர் கையில் இந்தக் கேமரா கிடைத்தது. சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், நாற்பது வயதுக்கு மேல்தான் புகைப்படக்காரர் ஆனார். 1928ல் பெர்லினில் பரபரப்பாக நடந்த ஒரு கொலை வழக்கு. நீதிமன்றத்தில் படம் எடுக்கத் தடை. சாலமன் தன் தொப்பியில் ஓட்டை போட்டு அதற்குள் கேமராவை வைத்து எடுத்தார்! பிறகு உலகத் தலைவர்களின் மாநாடுகளுக்கு, சரியான உடுப்பு போட்டுக்கொண்டு, அழைக்கப்பட்டவர் போலவே நடந்து போய் உட்கார்ந்துவிடுவார். 1930ல் ஹேக் மாநாட்டில் நள்ளிரவு தாண்டியும் பேசிக் களைத்து நாற்காலியில் சாய்ந்து கிடந்த அமைச்சர்களை அவர் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. தங்களை ஒருவர் பார்ப்பது தெரியாத அதிகாரம் எப்படி இருக்கும் என்று மக்கள் பத்திரிகையில் பார்த்தது அப்போதுதான். பிரெஞ்சு அரசியல்வாதி அரிஸ்டீட் பிரியான், ரகசியம் உடைப்பவர்களின் ராஜா என்று இவருக்குப் பட்டமே கொடுத்தார். 1932ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் கை உடைந்தது போலக் கட்டுப் போட்டு, அந்தக் கட்டுக்குள் கேமராவை மறைத்து ஒரு படம் எடுத்துவிட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது சாலமன் விட்டுக்கொடுத்தது என்ன என்பதை. ஒரே குவியத்தூரம். கண்ணாடித் தகடு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். வாயை முழுசாகத் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு, மூக்கு தெளிவாக இருந்தால் காது மங்கும். அப்படியும் விநாடியில் ஒரு பகுதிக்குத் திறந்து வைக்க வேண்டியிருந்ததால், பேசுகிறவர் வாக்கியத்துக்கு நடுவே ஒரு கணம் நிறுத்துவாரே, அதற்காகக் காத்திருந்தார். எட்டாத இடத்தில் நடப்பதை விட்டுவிட்டு, எட்டும் இடத்தில் போய் உட்கார வழி பார்த்தார். ஹிட்லர் வந்த பிறகு யூதரான அவர் மனைவியின் நாடான நெதர்லாந்துக்குப் போய்விட்டார். போர்க்காலத்தில் அங்கேயே பிடிபட்டு 1944ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

பெர்ட்டலே பிறகு ஸைஸ் ஐகானுக்காக சோனார் என்ற லென்ஸைச் செய்தார்; 1932ல் எஃப்/1.5 வரை வந்துவிட்டது. அந்தச் சோனார் வழியில்தான் ஜப்பானின் 85 எம்.எம். எஃப்/2 நிக்கோர் லென்ஸ் வந்தது. 1950ல் லைஃப் பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் அதைப் பார்த்து அசந்துபோய், அந்த நிறுவனத்தின் லென்ஸ்களோடு கொரியப் போருக்குப் போனார். நிக்கான் பெயர் அமெரிக்காவில் பரவியது அப்படித்தான். இதை இத்தோடு விடுகிறேன், ஜூமைக் காக்க வைத்தது போதும்.

ஜூம் ஏன் இவ்வளவு தாமதம்? சினிமாவில் 1930களிலேயே இருந்தது, ஆனால் சாதாரண கேமராவுக்கு வரவில்லை. காரணம் கண்ணாடி. ஜூமுக்குள் கண்ணாடித் தொகுதிகள் முன்னும் பின்னும் நகர வேண்டும். எந்த இடத்தில் நின்றாலும் படம் தெளிவாக இருக்க வேண்டுமானால் நிறையக் கண்ணாடி வேண்டும். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத வெளிச்சம் திரும்பிப் போய்விடும். எட்டுப் பரப்புள்ள ப்ரைம் என்றால் 72 சதவீதம் உள்ளே வந்து சேரும். இருபத்திரண்டு பரப்புள்ள ஜூம் என்றால் 41 தான் சேரும். மீதியில் ஒரு பங்கு உள்ளேயே முட்டி மோதிப் படத்தை வெளுக்க வைக்கும். 1935ல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். என்னைக் கேட்டால் ஜூமுக்கு உண்மையான தகப்பன் அந்தப் பூச்சுதான்.

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஃபிராங்க் பாக் என்பவர் 1940களில் தொலைக்காட்சிக்காக ஸூமார் என்ற லென்ஸைச் செய்தார். பேஸ்பால் ஒளிபரப்பில் அது பெரிய வெற்றி. பிறகு 1959ல் 35 எம்.எம். கேமராவுக்கு முதல் ஜூம் வந்தது: 36-82, எஃப்/2.8, உள்ளே 14 கண்ணாடிகள். அதை விற்றது யார்? அதே ஃபோக்ட்லாண்டர்! வெளிச்சத்துக்காகப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு 119 வருடம் கழித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வசதியைக் கொடுக்கும் லென்ஸை அதே நிறுவனம் விற்கிறது. எஃப்/2.8 ஒன்றும் மோசமில்லை. இன்றும் விலையுயர்ந்த ஜூம்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்கின்றன. ஆனால் சாலமனின் எஃப்/1.8ஐவிட அது பாதிக்கும் குறைவான வெளிச்சம். எஃப்/1.8ல் ஒரு ஜூம், அதுவும் சிறிய சென்சாருக்கு மட்டும், சிக்மா நிறுவனத்திலிருந்து 2013ல் வந்தது. ப்ரைம் நின்ற இடத்துக்கு ஜூம் வந்து சேர ஏறத்தாழ 90 வருடம்!

இந்த இரண்டு லென்ஸும் ஒரே படத்தில் எதிரெதிராக நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டான்லி குப்ரிக்கின் பாரி லிண்டன் (1975) பாருங்கள். கதை 18ஆம் நூற்றாண்டு. அந்தக் காலத்து இரவுகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும் என்று குப்ரிக் பிடிவாதம் பிடித்தார். 1960களில் நாசாவுக்காக ஸைஸ் செய்த 50 எம்.எம். எஃப்/0.7 லென்ஸ் மொத்தமே பத்துதான். அதில் மூன்றை இவர் வாங்கினார். 50ஐ 0.7ஆல் வகுத்தால் வாய் 71 மில்லிமீட்டர், வாய் குவியத்தூரத்தைவிடப் பெரிது! அதன் பின்பக்கம் ஃபிலிமை ஒட்டி நிற்க வேண்டியிருந்ததால் கேமராவின் உட்புறத்தையே செதுக்க வேண்டியிருந்தது. அதைச் செய்து கொடுத்த எட் டிஜூலியோ, இனி வேறு லென்ஸ் எதையும் இதில் மாட்ட முடியாது என்று எச்சரித்தார். குப்ரிக் பரவாயில்லை என்றுவிட்டார்.

அவ்வளவு பெரிய வாயில் ஆழம் அநேகமாகக் கிடையாது. நடிகர் சற்று முன்னால் சாய்ந்தாலே முகம் மங்கிவிடும். அதனால் பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவை வைத்து, நடிகர் எவ்வளவு நகர்கிறார் என்று திரையில் பார்த்துப் பார்த்து ஃபோகஸ் செய்தார்கள். அந்தக் காட்சிகளில் சீட்டாட்ட மேசையைச் சுற்றி எல்லோரும் ஓவியம் போல அசையாமல் இருப்பதற்கு இந்த லென்ஸும் ஒரு காரணம். ஆனால் அதே படத்தின் பகல் காட்சிகளில் முகத்தில் தொடங்கி மெல்ல மெல்லப் பின்வாங்கி மலையும் வயலும் தெரியும் வரை விரியும் காட்சிகள் இருக்கின்றனவே, அவை ஜூம். அதற்கென்றே டிஜூலியோ செய்து கொடுத்த 24-480 லென்ஸின் வெளிச்ச எண் 9. ஒன்பதுக்கும் 0.7க்கும் இடையே 165 மடங்கு வித்தியாசம். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

"அதெல்லாம் ஃபிலிம் காலம்" என்று ஜூம் கட்சி சொல்வது எனக்குக் கேட்கிறது. பாதி உண்மை. 2007ல் நிக்கான் டி3 வந்தபோது 6400 ஐ.எஸ்.ஓ.விலும் நல்ல படம் வரும் என்று காட்டியது, அதற்குப் பிறகு சென்சார்கள் இன்னும் முன்னேறிவிட்டன. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி 1995லேயே கேனான் ஜூமில் வந்துவிட்டது. ஆனால் அது நடுக்குவது நம் கையாக இருந்தால்தான் உதவும். அப்பத்தா கை அசைவதை அது நிறுத்தாது. பெரிய வாய் ஜூமும் இருக்கிறது: 2018ல் கேனான் 28-70 எஃப்/2 வெளியிட்டது, எடை கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டேன்.

கடைசியில் நான் செய்தது இது. போன வருடம் எடுத்த அந்த வீணான நாற்பது படங்களையும் திறந்து, ஒவ்வொன்றும் எந்தக் குவியத்தூரத்தில் எடுத்தது என்று பார்த்தேன். எல்லோரும் வாங்கச் சொல்லும் 50க்குப் பக்கத்தில் இருந்தவை நாலைந்துதான். பெரும்பாலானவை 30க்கும் 38க்கும் நடுவில். என் கேமராவின் சென்சார் சிறியது, அதில் 50 போட்டால் 75 போலக் குறுகித் தெரியும். எங்கள் முற்றத்தில் பின்னால் நகர்ந்தால் சுவர் முதுகில் இடிக்கும். ஆக 35 எம்.எம். எஃப்/1.8, பழையது, சீனியர் அண்ணன் ஒருவரிடமிருந்து, இரண்டு தவணையில். முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருக்கிறது, படத்தில் தெரியவில்லை. அறையில் விளக்கை அணைத்துவிட்டு, மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தி வைத்து, அறைத்தோழனை உட்கார வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். நான்கு படத்துக்கு ஒன்றில் கண் தெளிவாக விழுகிறது. கார்த்திகைக்குள் இரண்டுக்கு ஒன்றாக்க வேண்டும். அப்பத்தாவிடம் போனில் சொன்னேன், நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரே ஒரு விளக்கு ஏற்றினால் போதும் என்று. "ஒண்ணு எதுக்கு, அஞ்சு ஏத்துறேன்" என்றார்.